மணிக்கணக்கும் ஆண்டுக்கணக்கும்

மொத்தம் 14 மாத்திரைகள். 2023 ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறிகளோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதலில் கொடுக்க வேண்டியவை இவை. ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. முதல் இரண்டும் ரத்தம் கட்டாமல் தடுப்பவை. மூன்றாவது ஸ்டாட்டின் வகை. மக்கள் வாயில் அது ‘கொழுப்பு மாத்திரை’. கூட்டிப் பார்த்தால் ஆஸ்பிரின் 300 மி.கி., குளோபிடோகிரல் 300 மி.கி., அட்டோர்வாஸ்டாட்டின் 80 மி.கி. பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கொடுக்கப்படும் அதே முதல் தவணை, ஊர்க்கோடிக்கு வந்துவிட்டது.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. எண்ணிக்கையில் பாதிக்கு மேல் கொழுப்பு மாத்திரைதான். ஆனால் நெஞ்சு வலிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மிகக் குறைவாக வேலை செய்வதும் அதுதான். அப்படியானால் அந்த எட்டு எதற்கு? ஆஸ்பிரினையும் ஸ்டாட்டினையும் ஏன் சேர்த்துக் கொடுக்கிறார்கள், யாருக்கு இரண்டும் வேண்டும், யாருக்கு ஒன்றே போதும் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

தூரம் என்னும் நோய்

ஊர்க்கோடி எவ்வளவு தூரம் என்பதற்குக் கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொள்வோம். அது 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. சமவெளியில் இருப்பவருக்கு இது பெரிய மாற்றம். ஆனால் மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. சேலம் மாவட்டத்துக்குள்ளும் நீளும் இந்த மலையில் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி வாழ்கிறார்கள். வட்டத் தலைமையிடம் வெள்ளிமலை. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டுமானால் மலைப்பாதையில் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாக வர வேண்டும். வெள்ளிமலைக்கு வந்து சேருவதே பெரும்பாடு என்ற நிலையில் பல சிற்றூர்கள் இருக்கின்றன. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது சாலையும் போக்குவரத்தும் முக்கியப் பிரச்சினைகளாக எழுந்தது தற்செயல் அல்ல.

மாரடைப்பில் தூரம் நேரமாக மாறுகிறது. நேரம் இதயத் தசையாக மாறுகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தின் தலைமையில் 50 நகரங்களின் 89 ஆஸ்பத்திரிகளில் 20,468 இதய நோயாளிகளைப் பதிவு செய்த ‘கிரியேட்’ ஆய்வு 2008இல் வெளியானது. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரத்தின் இடைநிலை 360 நிமிடம். ஆறு மணி நேரம்! உள்ளே வந்த பிறகு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிடம்தான். இது நகரத்து ஆஸ்பத்திரிகளின் கணக்கு. ‘வாய்வுப் பிடிப்பு, ஒரு சோடா குடிச்சாப் போயிடும்’ என்று சொல்லிக் காத்திருந்த நேரமும் அந்த 360க்குள் இருக்கிறது.

ரத்தக் குழாயில் நடப்பது

மாரடைப்பு என்றதும், குழாயில் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து ஒருநாள் முழுதாக அடைத்துக்கொள்வதாகவே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான மாரடைப்பு அப்படி வருவதில்லை. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்.டி.எல். துகள்கள் இதயத் தமனியின் சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வந்த வெள்ளணுக்கள் அங்கேயே செத்துக் குவிகின்றன. சுவர் அழற்சி கொள்கிறது. பழுத்த சீழ்க்கட்டியைப் போல, உள்ளே கூழ், மேலே மெல்லிய தோல். குழாயைப் பாதிகூட அடைக்காத கட்டி ஆண்டுக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் இருக்கும். ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. உள்ளிருக்கும் கூழ் ரத்தத்தில் பட்டவுடன், காயம் பட்டுவிட்டதாக எண்ணி ரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. ஒட்டியவை திராம்பாக்சேன் என்ற பொருளைச் சுரந்து மேலும் தட்டணுக்களைக் கூப்பிடுகின்றன. சில நிமிடங்களில் ரத்தக்கட்டு குழாயை மூடுகிறது.

ஆக, இதில் இரண்டு கட்டங்கள். சுவருக்குள் கொழுப்பு சேர்வது பத்து, இருபது ஆண்டு வேலை. மேலே ரத்தம் கட்டுவது சில நிமிட வேலை. ஸ்டாட்டின் முதல் கட்டத்துக்கானது, ஆஸ்பிரின் இரண்டாவதற்கு.

ஆஸ்பிரின் 1899இல் பேயர் நிறுவனம் வலிக்கும் காய்ச்சலுக்கும் விற்கத் தொடங்கிய மருந்து. அது எப்படி வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல்தான் கண்டார். 1982இல் நோபல் பரிசு பெற்றார். திராம்பாக்சேன் உண்டாகத் தேவையான நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் புதிய நொதியை அதனால் செய்துகொள்ள முடியாது. முடங்கிய தட்டணு தன் ஆயுளான ஏழு முதல் பத்து நாள் வரை முடங்கியபடியே இருக்கும். ஒருநாளைக்கு 75 மி.கி. என்ற சிறிய அளவே போதுமாக இருப்பதன் ரகசியம் இதுதான். மென்று விழுங்கினால் அரை மணி நேரத்துக்குள் பலன் தொடங்கிவிடும்.

ஸ்டாட்டின் பூஞ்சையில் பிறந்தது. ஜப்பானில் சாங்கியோ நிறுவனத்தின் அகிரா எண்டோ 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, அரிசியில் பூத்த நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1973இல் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கப் பயன்படுத்தும் நொதியை அது தடுக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் செல்கள் தமக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வகையில் எல்.டி.எல். ஏற்பிகளைக் கூடுதலாக வெளியே நீட்டுகின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பெற்றார்கள். ரத்தத்தில் எல்.டி.எல். சில வாரங்களில் இறங்கும். சுவருக்குள் இருக்கும் கூழ் வற்றி, மேல்தோல் தடித்து உறுதியாக ஓராண்டு, ஈராண்டு ஆகும்.

ஒரு மருந்து மணிக்கணக்கில், மற்றது ஆண்டுக்கணக்கில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று பேரைப் பார்ப்போம். மூவரும் கற்பனை மனிதர்கள்; அவர்களுக்கான எண்கள் உண்மையானவை.

முதல் ஆள்: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்

வயது 53. விடியற்காலையில் நெஞ்சின் நடுவில் அமுக்குகிறது, இடது கைக்கு இறங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வயதைச் சும்மா போடவில்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53, மற்ற நாட்டவருக்குச் சுமார் 59 என்று ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு காட்டியது.

இவருக்கு ஆஸ்பிரின் என்ன செய்யும்? இதற்கு ஆதாரம் 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்போடு வந்த 17,187 பேருக்கு ஆஸ்பிரின், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, இரண்டும், இரண்டும் இல்லாமல் என்று குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில், ஒன்றும் பெறாதவர்களில் 1,000க்கு 132 பேர் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தார்கள். இரண்டையும் பெற்றவர்களில் 80 பேர். அன்று காலணாவுக்குப் பெறாத மாத்திரையும் விலை உயர்ந்த ஊசியும் கிட்டத்தட்ட ஒரே அளவு உயிர்களைக் காத்தன.

அந்தக் கட்டுரையில் நம் ஊர் வாசகருக்குப் பிடித்தமான ஒரு குறும்பும் உண்டு. எந்தெந்த வகை நோயாளிக்குப் பலன் என்று பிரித்துக் காட்டும்படி இதழாசிரியர்கள் கேட்க, ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாமுக்கும் ஆஸ்பிரின் பலிக்கவில்லை! கூறுபோட்டுக்கொண்டே போனால் எண்கள் எந்தப் பொய்யையும் சொல்லும் என்று காட்டவே அப்படிச் செய்தார்கள்.

குளோபிடோகிரல் தட்டணுவின் ஏற்பி ஒன்றை அடைக்கிறது. சீனாவில் 45,852 நோயாளிகளிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரினோடு அதையும் சேர்த்தபோது மரணம், மறு மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து மேலும் 9 சதவீதம் குறைந்தன.

எட்டு அட்டோர்வாஸ்டாட்டின்? பிரேசிலில் 4,191 பேருக்கு, குழாய் திறக்கும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 80 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி 30 நாளில் மொத்தத்தில் தெளிவான வித்தியாசம் இல்லை. உண்மையில் ஸ்டென்ட் சிகிச்சை பெற்றவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. அந்த எட்டு மாத்திரைகள் இன்றைய வலிக்கானவை என்பதைவிட, நாளை முதல் தொடங்க வேண்டிய நீண்ட சிகிச்சையின் முதல் நாள் தவணை என்பதே பொருத்தம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பொட்டலம் வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. நெஞ்சுவலி எல்லாமே மாரடைப்பு இல்லை. குடற்புண்ணில் ரத்தம் கசிந்தாலோ, மகாதமனி கிழிந்திருந்தாலோ, இதே மாத்திரைகள் ஆளைக் கொல்லும். ஈ.சி.ஜி. பார்த்தோ, பயிற்சி பெற்றவர் அறிகுறிகளை விசாரித்தோ கொடுப்பதால்தான் இது சிகிச்சை. மாத்திரை அடைப்பைத் திறக்கவும் செய்யாது. கட்டு பெருகாமல் பிடித்து வைக்கும், அவ்வளவே. திறப்பதற்கு ஊசியோ ஸ்டென்டோ வேண்டும். எனவே மாத்திரை விழுங்கியதும் 108 ஆம்புலன்ஸில் ஏறி மலையிறங்கியாக வேண்டும்.

இரண்டாம் ஆள்: வீடு திரும்பியவர்

இவர் முதல் ஆளைப் போலவே மாரடைப்பு வந்து பிழைத்தவர். பத்து நாள் கழித்துக் கையில் மாத்திரைப் பையோடு மலையேறுகிறார். நம் கேள்விக்கான விடை உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களிடம் செய்த 16 ஆய்வுகளை 2009இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் இல்லாமல் ஆண்டுக்கு 1,000க்கு 82 பேருக்குப் பெரிய இதய, மூளைப் பாதிப்பு, ஆஸ்பிரினோடு 67. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 இதய நோயாளிகளுக்கு சிம்வாஸ்டாட்டினோ போலி மாத்திரையோ கொடுத்து ஐந்து ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள். போலி மாத்திரைக் குழுவில் 256 மரணம், சிம்வாஸ்டாட்டின் குழுவில் 182.

இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? வெவ்வேறு கட்டங்களில் வேலை செய்வதால் ஒன்றின் பலனை மற்றது விழுங்கிவிடாது. ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கும் ஸ்டாட்டின் அதே விகிதத்தில் உதவுகிறது என்பதை 20,536 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு 2002இல் காட்டியது. ஆனால் இதைக் கூட்டல் கணக்காகப் போடக் கூடாது. உதாரணத்துக்கு, 100 பேருக்கு மறு பாதிப்பு வரவிருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாட்டின் நான்கில் ஒரு பங்கைக் குறைத்தால் 75. அந்த 75இல் ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 60. இரண்டு சின்ன மாத்திரை, 100க்கு 40 பேர் தப்பினார்கள். ரத்தக்கசிவால் சிலருக்குக் கெடுதல் வரும். ஆனால் இந்த ஆளுக்கு நன்மை அதைவிடப் பல மடங்கு.

பிரச்சினை மருந்தில் இல்லை, விடாமல் சாப்பிடுவதில் இருக்கிறது. 17 நாடுகளில் ஒன்றரை லட்சம் பேரை ஆராய்ந்த ‘ப்யூர்’ ஆய்வு, ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இந்த மருந்துகளைச் சாப்பிடுகிறார்களா என்று கேட்டது. சென்னையும் அதன் மையங்களில் ஒன்று. இந்தியா இடம்பெற்ற குறைந்த வருமான நாடுகளின் குழுவில் ஆஸ்பிரின் போன்ற தட்டணு மருந்து சாப்பிட்டவர்கள் 8.8 சதவீதம், ஸ்டாட்டின் 3.3 சதவீதம். கிராமத்தில் நிலைமை நகரத்தைவிட மோசம். 2011இல் வெளியான எண்கள் இவை.

நிறுத்துவதற்கு ஆளுக்கொரு காரணம். ‘வலி போச்சு, இனிமே எதுக்கு?’ என்பது ஒன்று. பஸ் ஏறி, ஒருநாள் கூலியை விட்டு, வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டியிருப்பது இன்னொன்று. ‘கொழுப்பு மாத்திரை சாப்பிட்டா கைகால் வலிக்குதாம்’ என்ற பேச்சு மூன்றாவது. தசைவலி உண்மையிலேயே சிலருக்கு வருகிறது. மிக அபூர்வமாகத் தசை கடுமையாகவும் பாதிக்கப்படும். ஆனால் ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் மாதம் மாறி மாதம் ஸ்டாட்டினும் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய்யல்ல, காரணம்தான் பெரும்பாலும் வேறு.

ஆஸ்பிரினைச் சட்டென்று நிறுத்துவதற்கும் விலை உண்டு. ஆறு லட்சம் ஸ்வீடன்காரர்களின் பதிவேடுகளைப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், நிறுத்தியவர்களுக்கு இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு 37 சதவீதம் அதிகம். பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ நிறுத்த வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் ஆள்: ஒன்றும் வராதவர்

இவர் இரண்டாமவரின் மச்சான். வயது 60, சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ‘அவருக்கு வந்த மாதிரி எனக்கும் வந்துட்டா? அந்த ரெண்டு மாத்திரையை நானும் போட்டுக்கறேன்’ என்கிறார். நியாயமான ஆசை. ஆனால் இரண்டு மாத்திரைக்கும் விடை ஒன்றல்ல.

ஆஸ்பிரினைப் பொறுத்தவரை 2018 ஒரு திருப்பம். அவ்வாண்டு வெளியான ‘அசெண்ட்’ ஆய்வில், இதய நோய் இல்லாத 15,480 சர்க்கரை நோயாளிகள் ஏழு ஆண்டுக்கு மேல் கண்காணிக்கப்பட்டார்கள். ஆஸ்பிரின் 1,000க்கு 11 பேரைப் பெரிய ரத்தக்குழாய்ப் பாதிப்பிலிருந்து காத்தது. 9 பேருக்குக் கடுமையான ரத்தக்கசிவைத் தந்தது. வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கிக்கொண்டது. அதே ஆண்டு, பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரிடம் செய்த ‘ஆஸ்ப்ரீ’ ஆய்வில் இதயத்துக்கு நன்மை தெரியவில்லை. ரத்தக்கசிவு மட்டும் கூடியது. 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, இதய நோய் இல்லாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் இதற்காக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஒரே மருந்து இரண்டாமவருக்கு அமுதமாகவும் மச்சானுக்கு வீணாகவும் ஆவது எப்படி? ஆஸ்பிரின் தரும் ரத்தக்கசிவு அபாயம் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது தடுக்கும் ஆபத்து ஒன்றல்ல. கட்டி ஒருமுறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மிக அதிகம். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே நிறைய உயிர். கிழியாதவருக்கு அந்த ஐந்தில் ஒன்று மிகச் சிறிய எண்.

ஸ்டாட்டின் கணக்கு வேறு. அதற்கு ரத்தக்கசிவு என்ற விலை இல்லை. நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஸ்டாட்டின் நல்லது என்பதே இன்றைய வழிகாட்டுதல்களின் போக்கு. ஆகவே மச்சானுக்கு மருத்துவர் சொல்லக்கூடிய விடை: கொழுப்பு மாத்திரை சரி, ஆஸ்பிரின் வேண்டாம்.

ஒரே மாத்திரையில் எல்லாம்

இத்தனை மருந்தையும் ஒரே மாத்திரையில் அடக்கினால் என்ன என்ற யோசனைக்கு இந்தியாவோடு நெருங்கிய தொடர்பு உண்டு. கேரளத்துக் கொட்டாரக்கரையில் பிறந்து பெங்களூருவில் மருத்துவம் படித்த சலீம் யூசுப், ஆஸ்பிரின், ஸ்டாட்டின், இரண்டு வகை ரத்த அழுத்த மருந்துகள் நான்கும் சேர்ந்தால் மறு மாரடைப்பில் முக்கால் பங்கைத் தடுக்கலாம் என்று 2002இல் எழுதினார். அகமதாபாத் காடிலா நிறுவனத்தின் ‘பாலிகேப்’ மாத்திரையை 2,053 இந்தியர்களிடம் சோதித்த முடிவு 2009இல் வந்தது. ஐதராபாத் டாக்டர் ரெட்டீஸ் தயாரித்த கூட்டு மாத்திரையை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 2,004 பேரிடம் பார்த்தபோது, கூட்டு மாத்திரைக்காரர்களில் 86 சதவீதம் பேர் விடாமல் சாப்பிட்டார்கள். தனித்தனியாகச் சாப்பிட்டவர்களில் 65 சதவீதம்.

இதய நோய் இன்னும் வராத, ஆனால் ஆபத்து உள்ள 5,713 பேரிடம் செய்த ‘டிப்ஸ்-3’ ஆய்வு 2020இல் வெளியானது. பங்கேற்றவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தியர்கள். ஸ்டாட்டினும் ரத்த அழுத்த மருந்துகளும் கலந்த மாத்திரையோடு ஆஸ்பிரினும் சாப்பிட்டவர்களில் 4.1 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. போலி மாத்திரையில் 5.8. ஆனால் ஆஸ்பிரின் இல்லாமலே அந்தக் கூட்டு மாத்திரை 5.5ஐ 4.4 ஆக இறக்கியிருந்தது. மாரடைப்பு வந்த 2,499 ஐரோப்பியர்களுக்கு ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாட்டின், ரத்த அழுத்த மருந்தான ராமிப்ரில் மூன்றும் கலந்த மாத்திரை கொடுத்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், பாதிப்பு 12.7 சதவீதத்திலிருந்து 9.5 ஆனது. ஒப்பிடப்பட்டவர்களும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களே. 2023இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மாத்திரையைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இந்த எண்கள் எல்லாம் சொல்லும் பாடம் எளியது. மருந்தின் வலிமைக்கு நிகராக, அது கைக்கு எட்டுவதும் வாய்க்குள் போவதும் உயிர் காக்கின்றன. தமிழ்நாட்டுக்கு இதில் அனுபவம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் தன்னார்வலர் கையில் வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவரின் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் அதே கையில், அதே நாளில், ஒரு மாதம்கூட விடாமல் மலைக்கு ஏற முடிந்தால், புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமலே 100க்கு 40 என்ற அந்தக் கணக்கை நெருங்கலாம்.

தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்து மாரடைப்புச் சிகிச்சையை விரைவுபடுத்திய ஆய்வு, தன் வெற்றியை ஓராண்டு முடிவில் அளந்தது: மரணம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2க்கு இறங்கியிருந்தது. 14 மாத்திரைப் பொட்டலத்தையும் அப்படித்தான் அளக்க வேண்டும். எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்பது முதல் எண். அதை விழுங்கிப் பிழைத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டும் தினம் ஓர் ஆஸ்பிரினும் ஒரு ஸ்டாட்டினும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது இரண்டாவது எண். அந்த எட்டு கொழுப்பு மாத்திரைகள் வீணா இல்லையா என்பதை இரண்டாவது எண்தான் சொல்லும்.